பாக்கியம் அத்தைக்கு அரைத்த பொடி

இரும்புச் சட்டியில் படிகாரத்தைப் போட்டு அடுப்பை மெல்ல எரியவிட்டால் முதலில் ஒரு சலசலப்புக் கேட்கும். பிறகு அந்தக் கண்ணாடிக் கட்டி தன் நீரிலேயே தான் கரைந்து, குமிழ் குமிழாகக் கொதித்து, கடைசியில் பொரியைப் போல வெள்ளையாக உப்பி நின்றுவிடும். அப்போது எழும் ஆவி மூக்கின் உள்தோலைச் சுருக்கென்று இழுக்கும், நாக்கின் அடியில் ஒரு துவர்ப்பு ஊறும். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டில், மாசி பிறந்து ஆவணி முடியும்வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இந்த ஆவி சமையலறையை நிறைக்கும். "மூச்சை உள்ள இழுக்காத, வெளிய போ" என்று அம்மா விரட்டுவாள். நான் கதவோரம் நின்று, அது உப்புவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அம்மா இதை ஆரம்பித்தது அப்பாவுக்காக. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுக்கும் பிரிவில் அவருக்கு வேலை. சட்டை முதுகில் உப்பு வரிவரியாகப் பூத்துத்தான் வீடு திரும்புவார். யாரோ நண்பர் கொடுத்த வெளிநாட்டு "செண்ட்" ஒன்றை அடித்துக்கொண்டு போய், அக்குள் இரண்டும் வெந்து கொப்புளித்து, கைகளை விரித்தபடி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அம்மா அம்பத்தூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் கேட்டும், தானே கூட்டிக் குறைத்துப் பார்த்தும் இரண்டு பொடிகளைக் கண்டுபிடித்தாள். ஒன்று குளிக்க: பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், காயவைத்த எலுமிச்சைத் தோல். மற்றொன்று குளித்து ஈரம் துடைத்தபின் அக்குளில் தடவிக்கொள்ள: பொரித்த படிகாரம், சந்தனத்தூள், கொஞ்சம் கூவைக்கிழங்கு மாவு. "வேர்வைக்கு நாத்தம் கெடையாது. அது தங்குத எடத்துலதான் நாத்தம்" என்பது தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவின் பேச்சு. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு டாக்டரின் களை வந்துவிடும்.

குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் ஒன்று கிடைத்தால் நாலு வீட்டுக்கும் தெரியாமல் போகாது. பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆனால் யாரும் முன்வாசல் வழியாக வந்து கேட்டதில்லை. பின்புறம் துவைகல் இருக்கும் இடத்துக்கு வந்து, சும்மா வந்தது போல இரண்டு வார்த்தை பேசி, கடைசியில் குரலை இறக்கி, "அக்கா, அந்தப் பொடி..." என்பார்கள். வாடை என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. அம்மாவும் எதுவும் கேட்பதில்லை. ஒரு டம்ளரில் பொடியை நிரப்பி, மேலே காகிதம் மூடிக் கொடுத்துவிடுவாள். கேட்காமல் கொடுப்பதுதான் மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் பாக்கியம் அத்தை இருந்தாள். அவளுடைய சொந்த ஊர் பக்கத்திலேயே இருந்த வெள்ளானூர். பிறந்த வீட்டார் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவர்கள். கணவர் தணிகாசலம் மாமாவுக்கு அப்பாவின் தொழிற்சாலையில் வேலை. அத்தையும் சும்மா இல்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் "எக்ஸ்போர்ட் கம்பெனி" ஒன்றில் காலர் தைத்தாள். சத்தமாகச் சிரிப்பாள். அவள் சிரித்தால் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும் என்று அப்பா கேலி செய்வார். அவளுடைய ஒரே மகள் மலர் என்னைவிட மூன்று வயது சிறியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவரையும் முன்னும் பின்னுமாக உட்காரவைத்து, அத்தை பேன் பார்த்து, தலை வாரி, இழுத்துப் பின்னிவிடுவாள். அம்மா பின்னினால் மாலைக்குள் அவிழ்ந்துவிடும் சடை, அத்தை பின்னினால் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அசையாது.

நான் ஏழாவது படித்த வருடம், பங்குனி வெயில் தொடங்கிய சமயம், பாக்கியம் அத்தையும் பின்வாசலுக்கு வந்து நின்றாள். வழக்கமாக முன்வாசலில் "யக்கா" என்று கூவிக்கொண்டே உள்ளே வந்துவிடுகிறவள், அன்றைக்குத் துவைகல்லைச் சுரண்டிக்கொண்டு நின்றது எனக்கே விநோதமாக இருந்தது.

"யக்கா, அந்தப் பொடி கொஞ்சம் கீதா? கம்பெனில ஒரே புழுக்கம்க்கா. பாலியஸ்டர் துணியாலயே மூடிக்கினு உக்கார்ற மாரி கீது."

அம்மா ஒரு டம்ளர் கொடுத்தாள். மற்றவர்களுக்கு ஒரு மாதம் வரும் டம்ளர் அத்தைக்கு ஒரு வாரத்தில் தீர்ந்தது. மறுபடி வந்தாள். மறுபடி தீர்ந்தது. அம்மா இதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டாள். படிகாரத்தைக் கூட்டினாள், வேப்பிலையைக் காயவைத்துச் சேர்த்தாள், பச்சைக்கற்பூரம் சேர்த்தாள். "ஒனக்குச் சூட்டு உடம்பு பாக்கியம். கருவாடு, பூண்டு ரெண்டையும் கொஞ்ச நாள் விட்டுரு" என்றாள். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத அத்தை, மறுபேச்சு இல்லாமல் விட்டுவிட்டாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்து வைத்து, காலையில் ஒரு தடவை, வேலைவிட்டு வந்ததும் ஒரு தடவை என்று குளித்தாள். அவள் குளியலறையிலிருந்து வெட்டிவேரும் கற்பூரமும் கலந்த வாசனை சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். சிறிது நேரம் கழித்து, அந்த வாசனையின் அடியிலிருந்து இன்னொன்றும் வரும். அது வேர்வை நாற்றம் இல்லை என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு எங்களுக்கு உடம்பின் நாற்றம் என்றால் வேர்வை மட்டும்தான்.

சித்திரையில் அவள் எங்களுக்குத் தலை பின்னுவதை நிறுத்திக்கொண்டாள். "கை நோவுதும்மா, உங்கம்மாகிட்ட பின்னிக்கோ" என்றாள். அந்த வெயிலிலும் புடவைத் தலைப்பைத் தோள் சுற்றி இழுத்துச் செருகியிருந்தாள். ஒரு நாள் எஸ்டேட்டிலிருந்து திரும்பியவள் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "என் மிஷின தூக்கிகினு போயி வாசலாண்ட போட்டுட்டாங்கக்கா. பக்கத்துல குந்திகினு இருந்த பொண்ணுங்க சூப்பர்வைசராண்ட சொல்லிக்கீதுங்க. போவட்டும், காத்து நல்லாத்தான் வருது." சொல்லி முடித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்க்காமல் எழுந்து போனாள். காலண்டர் ஆடுகிற சிரிப்பு இல்லை அது.

குவார்ட்டர்ஸ் பெண்கள் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான். "குளிக்கிறாளோ இல்லையோ" என்றாள் ஒருத்தி. "என்னதான் குவார்ட்டர்ஸுக்கு வந்தாலும் வயக்காட்டுப் பழக்கம் போகுமா" என்றாள் இன்னொருத்தி, அத்தையின் பிறந்த வீட்டாரின் பிழைப்பைக் குறித்து. பொடி வாங்கப் பின்வாசலுக்கு வருகிறவர்களே இவர்கள். குழாயடியில் அத்தையின் குடத்துக்குப் பக்கத்தில் தங்கள் குடத்தை வைக்காமல் ஓரடி தள்ளி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மலரின் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டது. மலர் மேல் எந்த வாடையும் இல்லை, தாய்க்கு வந்த பெயர் மகளுக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மா குழாயடியில் நின்று ஒருமுறை சண்டையே போட்டாள். "ஒங்க எல்லார் வீட்டு அக்குளும் எனக்குத் தெரியும், வாயத் தொறக்க வைக்காதீங்க" என்றாள். கூட்டம் கலைந்தது. ஆனால் அன்று மாலை அவளும் அப்பாவிடம் மெதுவாக, "கிட்ட நின்னு பேச முடியலங்க, கொமட்டுது" என்று சொன்னதை நான் கேட்டேன். தணிகாசலம் மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வராந்தாவில் படுக்கத் தொடங்கியிருந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அத்தை துவைகல்லில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு ஷிப்ட். மலரும் நானும் முன்புறம் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். பின்புறம் வாளி உருளும் சத்தமும், "ஏட்டி பாக்கியம்!" என்று அம்மாவின் அலறலும் கேட்டன. நான் ஓடினேன். அத்தை தண்ணீரில் சரிந்து கிடந்தாள். தொட்டால் சுடுகிற காய்ச்சல். அம்மா அவளைத் தன் தோளில் சாய்த்து எங்கள் வீட்டுக்குள் இழுத்துவந்தாள். "மலர ஒங்கப்பாகிட்ட விட்டுட்டு ஒரு துண்டும் என் ஜாக்கெட் ஒண்ணும் எடுத்துட்டு வா" என்றாள்.

நான் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது அத்தை கண் விழித்திருந்தாள். ஈர ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்ற அம்மா முயல, அத்தை அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "வேணாங்க்கா. வேணாங்க்கா. நானே மாத்திக்கிறேன்." காய்ச்சலில் அவள் பிடிக்கு வலு இல்லை. அம்மா கையை விடுவித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினாள்.

உள்ளே பழைய வேட்டித் துணி, நாலைந்து மடிப்பாக. அம்மாவின் பொடி அதில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது. அம்மா அந்தத் துணியை ஓர் ஓரமாகத் தூக்கினாள். அத்தையின் இடது மார்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புண் இருந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை; அம்மா தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, திரும்பாமலே, "வெளிய போ" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"எப்பலேருந்து?"

"போன தீவாளிக்கு முன்னால ஒரு கொட்டையாட்டம் இருந்திச்சி. நோவவே இல்லக்கா. நோவலியேன்னு உட்டுட்டேன். பொங்கலுக்கப்புறம் ஒடைஞ்சிகிச்சி."

"ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"எப்டிக்கா காட்றது? அங்க எல்லாம் ஆம்பள டாக்டரு." பிறகு அத்தை சொன்னாள்: "உன் பொடிய வச்சி அமுக்குனா கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. கம்பெனி போயி வந்துருவேன். மலருக்கு சடங்கு வரைக்குமாவது ஓட்டிரலாம்னு பாத்தேன்."

அறைக்குள் யாரோ அழும் சத்தம் கேட்டது. அது அம்மா.

மறுநாளே அம்மா அவளைத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து நகரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாமா கூடவே போனார், ஆனால் அறைக்குள் வராமல் வெளியே நின்றார். உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். ஆம்பளை டாக்டருக்குப் பயந்து எத்தனை மாதம் போனதோ, கடைசியில் பார்த்தது ஒரு பெண். புண்ணைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் கோபமாக, "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாராம். அத்தை தலைகுனிந்து இருக்க, அம்மாதான் பதில் சொல்லியிருக்கிறாள்: "பொடி போட்டுக்கிட்டிருந்தோம்." இதை அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒருமுறை சொன்னாள். பிறகு என் ஆயுளில் அவள் வாயால் இதைக் கேட்டதில்லை.

நுரையீரல்வரை போய்விட்டது என்றார்கள். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுச் சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவது எப்படி என்று ஒரு நர்ஸ் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். ஒரு மாத்திரையை நுணுக்கி, கழுவிய புண்ணின் மேல் தூவச் சொன்னார். சாதாரண மாத்திரை, எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பது. இரண்டு மூன்று நாளில் அந்த வாடை அடங்கத் தொடங்கியது. வெட்டிவேரும் கற்பூரமும் சந்தனமும் போட்டு ஐந்து மாதம் அம்மா துரத்திய வாடை அது. வாசலில் வந்து நின்ற மாமா மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி உள்ளே போய், அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அன்றுமுதல் பாயை வராந்தாவில் விரிக்கவில்லை.

அதற்கப்புறம் குழாயடிப் பெண்களும் வந்தார்கள். ஹார்லிக்ஸ் கரைத்து, இட்லி எடுத்து, சாத்துக்குடி பிழிந்து. குடத்தைத் தள்ளி வைத்தவள்தான் அத்தையின் துணிகளைத் துவைத்துப் போட்டாள். அத்தை யாரிடமும் குறை சொல்லவில்லை. மலரை மட்டும் அந்த அறைக்குள் விடமாட்டாள். "புள்ள பயந்துக்கும்" என்பாள். மலர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாடப்புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பாள், உள்ளிருந்து அத்தை "உம்" கொட்டுவாள். அம்மா தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுப் போட்டாள். கட்டு முடிந்து வெளியே வந்ததும் கைகளை முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். சுத்தம் போதாமல் அல்ல என்று எனக்குத் தோன்றும்.

கார்த்திகை மழையில் பாக்கியம் அத்தை போய்விட்டாள். பெரிய மழை, வெள்ளானூர்ச் சொந்தக்காரர்கள் சேற்றில் நடந்து வந்தார்கள். எடுத்துப் போனபின் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, ஈரத் துண்டோடு அம்மாவின் முன்னால் நின்றார்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு. இன்னா நோவுன்னு மலருக்குத் தெரிய வேணாம். மஞ்சக்காமாலைன்னு சொல்லிடலாம். நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம் காட்சி ஆவணும். ஆத்தாளுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு எவனாவது சொல்லிட்டா, எவன்க்கா கட்டுவான்?"

"மறுபடியும் மறைக்கணுமா?" என்று அம்மா கேட்டாள். அவர் அழுதார். அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

மாமா மலரைக் குத்தம்பாக்கத்தில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அவரும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய, அத்தை இருந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. அம்மா அதன்பிறகு எதையும் அரைக்கவில்லை. பெண்கள் பின்வாசலுக்கு வந்தால் "இல்ல" என்பாள். அதோடு விடமாட்டாள். வருகிறவளை நேருக்கு நேர் பார்த்து, "எங்க வாடை? அக்குள்லயா, வேற எங்கயாவதா? மாருல கட்டி கிட்டி இருக்கா?" என்று கேட்பாள். பலர் முகம் சுளித்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் அழுதுகொண்டே ஓடிப்போய் மாமியாரிடம் சொல்ல, அந்த மாமியார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள். மெல்ல மெல்லப் பின்வாசலுக்கு யாரும் வருவது நின்றது. அம்மா கவலைப்படவில்லை. எப்போதாவது ஒருத்தி தெருவில் எதிர்ப்பட்டால் அங்கேயும் நிறுத்திக் கேட்டாள்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. தணிகாசலம் மாமா அதற்கும் முன்பே. போன மாசியில் ஒரு வேலையாக ஆவடி போனவள் அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன். எங்கள் வரிசையில் யாரும் குடியில்லை. ஜன்னல் சட்டங்களைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரே சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று நிற்கிறது. குழாயடி இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளானூரில் நாற்று நட்ட நிலங்களில் அடுக்கு வீடுகள் எழுந்திருக்கின்றன. திரும்பும் வழியில் இருந்த பெரிய கடையில் அக்குளுக்கென்று மட்டும் ஓர் அலமாரி, வரிசை வரிசையாகக் குப்பிகள்; "இயற்கை மூலிகை" என்று எழுதிய ஒன்றை ஒரு கல்லூரிப் பெண் எந்தக் கூச்சமும் இல்லாமல் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து மலர் போன் செய்தாள். கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவளுக்கே கல்லூரி போகும் மகள் இருக்கிறாள். தீபாவளி பொங்கலுக்குத்தான் பேசிக்கொள்வோம். அன்று முற்பகல் வேளை. பின்னணியில் யாரோ டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"யக்கா, ஆஸ்பத்திரில கீறேன். சும்மா ஒரு டெஸ்டுக்கு வந்தேன். டாக்டரம்மா இங்கதான் பக்கத்துல கீறாங்க. எங்கம்மா எதுல செத்தாங்கன்னு கேக்குறாங்க. காமாலைன்னு சொன்னேன். வேற ஏதாச்சும் இருந்துச்சா, யாரையாவது கேட்டுச் சொல்லுங்கன்றாங்க. எனக்குக் கேக்க உன்ன உட்டா யாரும் இல்ல."

வாக்குக் கொடுத்தது அம்மா. அவள் அதைச் சாகும்வரை காப்பாற்றினாள். என்னிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை. ஆனாலும் அந்த உறுப்பின் பெயரைச் சொல்ல, ஐம்பது வயதை நெருங்கும் எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு சொன்னேன். மார்பில் கட்டி, புற்றுநோய், உடைந்து புண்ணாகி ஆறேழு மாதம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள் என்று, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டாள்.

"இடது."

அவள் போனை வாயிலிருந்து விலக்கி, பக்கத்தில் இருந்த டாக்டரம்மாவிடம் ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக, உரக்க அத்தனையையும் சொல்வது எனக்குக் கேட்டது.